டைனமோ வந்த வழி

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். முதலில் செல்ஃப் மோட்டார் முனகிக்கொண்டே சுற்றும். சில நாள் கழித்து ‘டக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். பிறகு வண்டியை மேட்டில் நிறுத்தி, உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் வந்துவிடும். ‘பேட்டரி போச்சு’ என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கி மாட்டினால் கொஞ்ச நாள் ஜோராக ஓடும். அப்புறம் அதுவும் இறங்கிவிடும். பெரும்பாலும் கோளாறு பேட்டரியில் இருப்பதில்லை. அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டிய டைனமோ, டைனமோவைச் சுழற்றும் பெல்ட், மின்சாரம் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் கட்-அவுட், அளவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர் என்ற நான்கில் ஏதோ ஒன்று படுத்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த நான்கில் எதுவும் டிராக்டருக்காகப் பிறந்ததல்ல. கலங்கரை விளக்கம், தந்தி, ரயில் பெட்டி, கடைக்காரரின் கல்லாப்பெட்டி என்று எங்கெங்கோ இருந்து வந்து எஞ்சினின் பக்கவாட்டில் சேர்ந்துகொண்டவை. அதைவிட வியப்பானது, பழுது பார்ப்பவர் இன்று செய்யும் சோதனைகளில் சில, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் யாரோ முதன்முதலில் செய்து பார்த்து அசந்துபோன அதே காரியங்கள். அந்தப் பின்கதை தெரிந்தால் எந்த ஒயரை ஏன் தொடுகிறோம் என்பதும் புரிந்துவிடும்.

தொடக்கம் லண்டனில். கொல்லர் ஒருவரின் மகன், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே, 1831 அக்டோபர் 17 அன்று ஒரு காந்தத் தண்டைக் கம்பிச் சுருளுக்குள் சட்டென்று நுழைத்தார். மின்சாரத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் துள்ளியது. தண்டை வெளியே இழுத்தார். முள் எதிர்ப்பக்கம் துள்ளியது. அசையாமல் வைத்திருந்தபோது ஒன்றும் இல்லை. பதினொரு நாள் கழித்து, பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே ஒரு செம்புத் தட்டைச் சுழற்றி, விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து ஓடும் மின்சாரத்தையும் எடுத்துக் காட்டினார். அதுவரை மின்சாரத்துக்கு அமிலமும் துத்தநாகமும் வேண்டியிருந்தது. இப்போது கையைச் சுழற்றினால் போதும்.

ஃபாரடே அதை இயந்திரமாக்க மெனக்கெடவில்லை. அடுத்த ஆண்டே பாரீஸில் கருவிகள் செய்துவந்த இப்போலித் பிக்ஸி, குதிரை லாட வடிவக் காந்தத்தைக் கைப்பிடி போட்டுச் சுழற்றும் ஒரு பொறியைச் செய்தார். அதில் ஒரு தொல்லை. காந்தத்தின் இரு முனைகளும் மாறி மாறிச் சுருளைக் கடந்ததால் மின்சாரமும் திசை மாறி மாறி வந்தது. அன்றைக்கு அப்படிப்பட்ட மின்சாரத்தால் யாருக்கும் பயனில்லை. பிரெஞ்சு அறிவியலாளர் ஆம்பியர் சொன்ன யோசனையின் பேரில் பிக்ஸி ஒரு மாற்றுச் சாவியைச் சேர்த்தார்: ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அது இணைப்பைத் திருப்பிப் போடும், வெளியே வருவது ஒரே திசையில் ஓடும். டைனமோவின் பின்மூடியைக் கழற்றினால் தெரியும் செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டர் இதன் வாரிசு. சைக்கிளில் இருந்த டைனமோவில் கம்யூட்டேட்டர் கிடையாது. பல்புக்கு மின்சாரம் எந்தத் திசையில் வந்தாலும் ஒன்றுதான். பேட்டரிக்கு அப்படி இல்லை. தவறான திசையில் வந்தால் அதன் சார்ஜ் கரைந்துவிடும்.

அந்தப் பேட்டரியும் இதற்குள் வந்துவிட்டது. 1859-இல் பிரான்ஸின் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் நனைத்து, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். அதை ஏற்றுவதற்குச் சரியான இயந்திரம் அப்போது இல்லை. வேறு பேட்டரிகளை வைத்துத்தான் ஏற்றினார். 1881-இல் கமீல் ஃபோர் தகடுகளில் ஈயப் பசையை அப்பி அதிக மின்சாரம் தேங்கும்படி செய்தார். இன்று டிராக்டரில் இருக்கும் பேட்டரி அடிப்படையில் அவர்கள் இருவரும் செய்ததுதான்.

அந்தக் காலத்து ஜெனரேட்டர்கள் எல்லாம் நிலைக்காந்தத்தை நம்பியிருந்தன. 1858-இல் இங்கிலாந்தின் சௌத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கத்தில் அப்படிப்பட்ட பொறியால் மின்விளக்கு எரிந்தது. மேற்பார்வையிட்டவர்களில் முதுமையை நெருங்கிய ஃபாரடேயும் ஒருவர். ஆனால் நல்ல காந்தம் விலை அதிகம், எடை அதிகம், நாளாக ஆகச் சக்தியும் குறைந்துவிடும். காந்தத்துக்குப் பதிலாக மின்காந்தம் வைத்தால் என்ன? வைக்கலாம், ஆனால் அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

இதற்கான விடைதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் நெஞ்சுப்பகுதி. இரும்பை ஒருமுறை காந்தமாக்கினால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் துளியளவு காந்தம் தங்கிவிடும். அந்த மிச்சக் காந்தத்தில் சுருளைச் சுழற்றினால் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும். அதை அப்படியே மின்காந்தத்தின் சுருளுக்கே திருப்பி அனுப்பினால் காந்தம் கொஞ்சம் வலுக்கும். அதனால் மின்சாரம் கொஞ்சம் கூடும். காந்தம் இன்னும் வலுக்கும். சில நொடிகளில் முழு வேகத்துக்கு வந்துவிடும். இயந்திரம் தன்னைத் தானே தூண்டிக்கொள்கிறது.

நல்ல யோசனைகளுக்குப் பல தந்தையர் இருப்பார்கள். டென்மார்க்கில் சோரன் யோர்த் 1850-களிலேயே இதற்குக் கிட்டத்தில் வந்து காப்புரிமையும் பெற்றார். ஹங்கேரியில் துறவியாகவும் ஆசிரியராகவும் இருந்த ஆன்யோஷ் யெட்லிக் 1861 வாக்கில் இப்படியொரு பொறியைச் செய்து வைத்துக்கொண்டு, உலகத்துக்குச் சொல்லாமலே இருந்துவிட்டார். 1866 டிசம்பரில் லண்டனில் சாமுவேல் வார்லி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே மாதம் பெர்லினில் வெர்னர் சீமென்ஸ் தன் பொறியை அறிஞர்களுக்கு இயக்கிக் காட்டினார். 1867 பிப்ரவரி 14 அன்று லண்டன் ராயல் சொசைட்டியின் ஒரே கூட்டத்தில், சீமென்ஸ் குடும்பத்தின் சார்பில் ஒரு கட்டுரையும், சார்லஸ் வீட்ஸ்டனின் கட்டுரையும் அடுத்தடுத்து வாசிக்கப்பட்டன. இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லின!

இப்போது நம் டிராக்டருக்கு வருவோம். வருடக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியின் டைனமோவில், அல்லது கழற்றிப் பழுது பார்த்து மாட்டிய டைனமோவில், அந்த மிச்சக் காந்தம் மங்கிப்போயிருக்கும். கம்யூட்டேட்டரை உரசும் கார்பன் நன்றாக இருக்கும், சுருள் நன்றாக இருக்கும், பெல்ட் இறுக்கமாக இருக்கும். ஆனாலும் ஒரு வோல்ட்கூட வராது. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் பதற மாட்டார். லூகாஸ் வகை டைனமோ என்றால், எஞ்சினை நிறுத்திவிட்டு, மின்காந்தத்தின் ஃபீல்டு சுருளுக்குப் போகும் ‘எஃப்’ முனையின் ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த்தில் இல்லாத பேட்டரி முனையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து ‘எஃப்’ முனையில் இரண்டு மூன்று தடவை மெல்லத் தொட்டு எடுப்பார். சின்னதாக நீலப்பொறி தெறிக்கும். அவ்வளவுதான், இரும்புக்கு மறுபடி காந்தம் ஏறிவிட்டது. எந்த முனை எர்த்தோ அதற்கேற்ற துருவமும் அமைந்துவிட்டது. அமெரிக்க டைனமோக்கள் பலவற்றில் ஃபீல்டு சுருளின் இணைப்பு வேறு மாதிரி. அவற்றில் ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் டைனமோ முனையையும் ஒரு கணம் இணைப்பார்கள். எந்த வகை என்று தெரியாமல் தொடக்கூடாது.

மிச்சக் காந்தம் உயிரோடு இருக்கிறதா என்பதை அளந்தே பார்க்கலாம். லூகாஸ் டைனமோவில் மின்சாரம் வெளியே வரும் ‘டி’, ஃபீல்டுக்கான ‘எஃப்’ என்ற இரு முனைகளின் ஒயர்களையும் கழற்றி, டைனமோவின் அந்த இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்து, அதற்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் மீட்டரை வைத்து எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட வேண்டும். வேகத்தை மெல்லக் கூட்டினால் முள் தடையில்லாமல் ஏற வேண்டும். இருபது வோல்ட்டைத் தொடவிடக் கூடாது. ரெகுலேட்டர் இல்லாமல் ஓடுகிறது என்பதை மறந்து ஆக்ஸிலரேட்டரை இழுத்தால் சுருள் வெந்துவிடும். முள் அசையவே இல்லையென்றால் முதலில் கார்பனைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் ஃபீல்டு சுருளைச் சந்தேகிக்க வேண்டும். அந்த அரை வோல்ட் மிச்சக் காந்தம் தருவது. அதை வளர்க்க வேண்டிய சுருள் அறுந்திருப்பதால் அங்கேயே நின்றுவிட்டது. நாலைந்து வோல்ட்டில் நின்றால், சுழலும் பாகமான ஆர்மேச்சரின் சுருளில் பழுது. இந்த ஒரு சோதனையே பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

சீமென்ஸின் பொறி ஓடியது, ஆனால் சூடேறியது. மின்சாரமும் துடித்துத் துடித்து வந்தது. அதைச் சீர்ப்படுத்தியவர் பெல்ஜியத்தில் பிறந்த ஒரு தச்சர். செனோப் கிராம், கலங்கரை விளக்கங்களுக்குப் பொறி செய்த பாரீஸ் கம்பெனி ஒன்றில் மர மாதிரிகள் செய்பவராக வேலைக்குச் சேர்ந்தார். 1871-இல் வளைய வடிவ ஆர்மேச்சர் கொண்ட டைனமோவை அறிவியல் அகாடமியின் முன் வைத்தார். அதே வளையத்தை இத்தாலியின் அன்தோனியோ பச்சினோத்தி 1860-லேயே பீசா நகரில் செய்து, சில ஆண்டுகளில் கட்டுரையாகவும் எழுதியிருந்தார். கிராம் அதைப் பார்த்துச் செய்தாரா, தானே கண்டாரா என்ற வாக்குவாதம் அவர்கள் காலத்தில் நெடுநாள் ஓடியது. பச்சினோத்திக்கு முதன்மை கிடைத்தது. கிராமுக்கு வியாபாரம் கிடைத்தது.

1873-இல் வியன்னாவில் உலகக் கண்காட்சி. கிராமின் கூட்டாளி இப்போலித் ஃபோன்தேன் அங்கே டைனமோக்களை வைத்திருந்தார். எஞ்சினால் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒயர்களை, நின்றுகொண்டிருந்த இன்னொரு டைனமோவோடு தவறுதலாக இணைத்துவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. இணைத்ததும், யாரும் தொடாத அந்த இரண்டாவது பொறி தானே சுழலத் தொடங்கியது. சுழற்றினால் மின்சாரம் தருகிற பொறிக்கு மின்சாரம் கொடுத்தால் சுழலும் என்பது ஆய்வுக்கூடங்களில் முன்பே தெரிந்ததுதான். கனமான வேலைக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று சந்தையின் கண்ணில் பட்டது அன்றைக்குத்தான். தூரத்தில் ஒரு டைனமோ, இங்கே ஒரு மோட்டார், அதில் ஓடும் ஒரு தண்ணீர்ப் பம்பு என்று ஃபோன்தேன் கண்காட்சியிலேயே இயக்கிக் காட்டினார். நம் வயல்களில் ஓடும் மோட்டார் பம்பு செட்டின் முன்னோடிகளில் ஒன்று அது.

வியன்னாவில் நடந்ததை வொர்க்‌ஷாப்பில் வேண்டுமென்றே செய்கிறார்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ‘டி’, ‘எஃப்’ இரண்டுக்கும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால், நல்ல டைனமோ மோட்டாரைப் போல மிதமான வேகத்தில் சீராகச் சுற்றும். திக்கித் திணறினாலோ, கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும் என்றாலோ ஆர்மேச்சரையோ கார்பனையோ கவனிக்க வேண்டும். இறக்கிப் பிரிக்காமலே தெரிந்துகொள்ளக்கூடிய எளிய வழி இது.

அந்தக் கார்பனுக்கும் ஒரு கதை உண்டு. கம்யூட்டேட்டரை உரசி மின்சாரத்தை எடுக்க, தொடக்கத்தில் செம்புக் கம்பிக் கட்டுகளை வைத்தார்கள். அவை பொறி கக்கின, பட்டைகளையும் அரித்தன. 1885-இல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர் அதற்குப் பதில் கார்பன் துண்டை வைத்துக் காப்புரிமை பெற்றார். இவர் வானியலாளரும்கூட, நெப்டியூனுக்கு அப்பால் கோள் இருக்கிறதா என்று கணக்குப் போட்டவர். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மனிதரின் யோசனைதான் இன்றும் ஒவ்வொரு டைனமோவிலும் ஸ்பிரிங்கின் கீழ் உட்கார்ந்திருக்கிறது.

செம்புப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைக்க மைக்கா என்னும் அப்பிரகத் தகடு வேண்டும். இங்கேதான் நம் நிலம் கதைக்குள் வருகிறது. உலகின் மின் தொழிலுக்கு வேண்டிய நல்ல மைக்காத் தகட்டில் பெரும்பங்கு பல பத்தாண்டுகள் இந்தியாவிலிருந்தே போனது: கோடர்மா பக்கத்துச் சுரங்கங்களிலிருந்தும், அன்றைய மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரிலிருந்தும். மண்ணுக்கடியில் இறங்கி அதை வெட்டியவர்களின் பெயர் எந்த டைனமோ வரலாற்றிலும் வருவதில்லை, வந்திருக்க வேண்டும்.

கம்யூட்டேட்டரைக் கிட்டத்தில் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. ஆரோக்கியமானது பளபளப்பான பழுப்பு நிறத்தில் இருக்கும். கருகிக் கறுத்திருந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது, அல்லது கார்பன் சரியாக உட்காரவில்லை. செம்பு தேய்ந்து மைக்கா மேலே துருத்திக்கொண்டிருந்தால் கார்பன் ஒவ்வொரு பட்டைக்கும் துள்ளும், பொறி பறக்கும். லேத்தில் லேசாகக் கடைந்துவிட்டு, ஹேக்ஸா பிளேடின் பக்கங்களைத் தேய்த்து மெல்லிசாக்கி, பட்டைகளுக்கிடையிலுள்ள மைக்காவை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்துக்குச் சுரண்டிவிடுவார்கள். பொறுமை வேண்டிய வேலை. ஒழுங்காகச் செய்தால் டைனமோ பல வருடம் தொந்தரவு தராது.

அடுத்த தாவல் ரயிலுக்கு. 1890-களில் பெட்டிகளுக்கு மின்விளக்கு போட நினைத்தபோது, சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோவைச் சுற்றினார்கள். ரயில் ஓடும்போது பேட்டரி நிரம்பும். நிற்கும்போது பேட்டரி விளக்கை எரிக்கும். இரண்டு சிக்கல்கள் உடனே முளைத்தன. ரயில் நின்றால் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பி ஓடி, அதை மோட்டாராக்கப் பார்த்தது. ஆகவே டைனமோவின் வோல்ட்டேஜ் பேட்டரியைவிட உயர்ந்தால் மட்டும் இணைத்து, தாழ்ந்தால் அறுத்துவிடும் தானியங்கி ஸ்விட்சு வேண்டியிருந்தது. அதுதான் கட்-அவுட். இரண்டாவது சிக்கல், ரயில் வேகம் கூடினால் மின்சாரமும் எகிறியது. லண்டனின் ஜே. ஸ்டோன் கம்பெனி இதற்கு ஓர் அழகான வழி கண்டது: டைனமோவை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு, குறிப்பிட்ட சுமைக்கு மேல் போனால் பெல்ட் தானாக வழுக்கும்படி அமைத்தது. டிராக்டரில் பெரிய குற்றமாகக் கருதப்படும் பெல்ட் வழுக்கல், அங்கே ரெகுலேட்டராகச் சம்பளம் வாங்கியது. இந்திய ரயில் பெட்டிகளின் அடியில் அச்சிலிருந்து பெல்ட்டால் ஓடும் பொறியை நம்மில் பலரும் பிளாட்பாரத்தில் நின்று பார்த்திருப்போம்.

கட்-அவுட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டால் டிராக்டரில் அதே ரயில் பெட்டிச் சிக்கல் திரும்ப வரும். எஞ்சினை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகு டைனமோவின் மேல் கையை வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஆறியும் டைனமோ மட்டும் சூடாக இருந்தால், பேட்டரி அதற்குள் வடிந்துகொண்டிருக்கிறது. உடனே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் சுருள் கருகிவிடும்.

காருக்குள் இந்த ஏற்பாடு நுழைந்த வழியில் மூன்று வியாபாரிகள் நிற்கிறார்கள். பர்மிங்ஹாமில் தள்ளுவண்டியில் பாரஃபின் எண்ணெய் விற்ற ஜோசப் லூகாஸ், கப்பல் விளக்கும் சைக்கிள் விளக்கும் செய்யத் தொடங்கினார்; அவர் பெயரிலான கம்பெனி பிரிட்டிஷ் வாகன டைனமோக்களின் பேரரசாக வளர்ந்தது. லண்டனில் பேட்டரியும் வண்டி விளக்கும் செய்த சார்லஸ் ஆன்டனி வாண்டர்வெல்லின் பெயர் முதலெழுத்துகள்தான் சி.ஏ.வி. டீசல் பம்பின் மேல் அந்த மூன்றெழுத்தைப் பார்த்துப் பழகிய நம் மெக்கானிக்குகளுக்கு, அந்தக் கம்பெனி விளக்குக்காரராகத் தொடங்கியது ஆச்சரியமாக இருக்கும். 1926-இல் லூகாஸ் அதை வாங்கிவிட்டது. மூன்றாமவர் ஸ்டுட்கார்ட்டின் ராபர்ட் பாஷ். அவர் கம்பெனியின் சின்னத்தில் வட்டத்துக்குள் இருக்கும் வடிவம் ஓர் ஆர்மேச்சரின் குறுக்குவெட்டு. அந்த வகை ஆர்மேச்சரை 1856-இல் தந்திக் கருவிக்காக வடிவமைத்தவர் வேறு யாருமில்லை, வெர்னர் சீமென்ஸ்.

கல்லாப்பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஓஹையோவின் டேட்டனில், நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனிக்காக மின்சாரத்தில் திறக்கும் கல்லாவைச் செய்தவர் சார்லஸ் கெட்டரிங். ஒரு சிறு மோட்டாரை ஒரு கணம் மட்டும் அளவுக்கு மீறி உழைக்க வைக்கலாம், அதற்குள் வேலை முடிந்துவிடும் என்பது அவர் அங்கே கற்றது. காடிலாக் கம்பெனியின் ஹென்றி லீலண்டுக்குக் கைப்பிடி சுற்றாமல் கார் கிளப்ப ஒரு வழி வேண்டியிருந்தது. பின்னோக்கி அடித்த கைப்பிடியால் நண்பர் ஒருவர் இறந்ததுதான் அவரை உலுக்கியது என்று டெட்ராய்ட்டில் வழங்கும் கதை. கெட்டரிங் கல்லாப்பெட்டி உத்தியை எஞ்சினுக்குக் கொண்டுவந்தார். 1912 மாடல் காடிலாக்கில் வந்த அவர் பொறி, எஞ்சினைக் கிளப்பும்போது மோட்டார், கிளம்பியபின் டைனமோ. வியன்னாவின் இரட்டைக் குணம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டது. செல்ஃப் வந்ததால் பெரிய பேட்டரி வந்தது. பெரிய பேட்டரி வந்ததால் நம்பகமான சார்ஜிங் வேண்டியதாயிற்று.

டிராக்டர் இதற்கெல்லாம் அவசரப்படவில்லை. 1917-இல் வந்த ஃபோர்ட்சனில் பேட்டரியே இல்லை. ஃப்ளைவீலில் காந்தங்களைப் பதித்த மேக்னெட்டோ தீப்பொறியைக் கொடுத்தது, கைப்பிடி சுற்றுவது ஓட்டுநரின் பாடு. அதே 1917-இல் டென்வர் நகரில், குதிரைக்குத் தோல் கடிவாளக் கயிறும் டயர் உறையும் விற்றுக்கொண்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஜான் கேட்ஸ், ரப்பரும் துணியும் சேர்த்து ‘வி’ வடிவப் பெல்ட்டைச் செய்தார். அதுவரை சணல் கயிறு ஓடிய இடத்தில் இன்று நாம் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் பெல்ட் வந்தது. அரை அங்குலம் அளவுக்கு அமுங்கினால் சரி. அதிகம் தொய்ந்தால் சார்ஜ் ஏறாது. அதிகம் இறுக்கினால் பேரிங்கும் புஷ்ஷும் போகும்.

1939-இல் ஹென்றி ஃபோர்டும் ஹாரி ஃபெர்கசனும் கைகுலுக்கிச் சேர்ந்து கொண்டுவந்த 9என் டிராக்டரில் செல்ஃபும் ஆறு வோல்ட் பேட்டரியும் டைனமோவும் இருந்தன. போர் வந்தது. செம்பும் ரப்பரும் கிடைக்கவில்லை. 1942-இல் வந்த 2என் வண்டிகள் பலவற்றில் பேட்டரி இல்லை, செல்ஃப் இல்லை, இரும்புச் சக்கரம். மறுபடி மேக்னெட்டோவும் கைப்பிடியும். போர் முடிந்தபின் ஃபெர்கசன், கோவென்ட்ரியில் விமான எஞ்சின் செய்த பழைய தொழிற்சாலையில் 1946 முதல் டிஇ20 டிராக்டரைச் செய்தார். பத்து ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. கியர் லீவரை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் செல்ஃப் அடிக்கும். கியரில் இருக்கும்போது தற்செயலாக வண்டி பாய்ந்துவிடாது. சார்ஜ் ஏற்ற லூகாஸ் டைனமோ.

அந்த வம்சம் சென்னைக்கு வந்தது. 1960-இல் மாஸி ஃபெர்கசன் கூட்டுறவில் டாஃபே தொடங்கியது. செம்பியத்தில் டிராக்டர் உருவானது. 1961-இல் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் வந்தது. பர்மிங்ஹாமின் தள்ளுவண்டிக்காரர் பெயர் இப்படித்தான் தமிழ்நாட்டு வொர்க்‌ஷாப்புகளின் அன்றாடப் பேச்சில் கலந்தது. ஆர்மேச்சருக்குக் காயில் கட்டுபவர்கள் ஊருக்கு ஊர் உருவானார்கள்.

ரெகுலேட்டர் பெட்டியைப் பற்றி ஒரு சொல். 1930-களில் பரவிய அது, பேட்டரி காலியாக இருந்தால் அதிகமும், நிரம்பியபின் குறைவாகவும் மின்சாரம் விடும். ஸ்டார்ட் செய்ததும் ஆம்பியர் மீட்டர் முள் பிளஸ் பக்கம் தாவி, சிறிது நேரத்தில் நடுவுக்கு வந்துவிடுவதைப் பார்த்துப் பலரும் ‘சார்ஜ் நின்னுடுச்சு’ என்று பயப்படுகிறார்கள். அது நின்றுவிடவில்லை, நிரம்பிவிட்டது. பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அருகிலும், எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது சுமார் 14 வோல்ட்டும் இருந்தால் ஏற்பாடு நலம். பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது; பேட்டரித் தண்ணீர் வற்றும். இதை அளக்கும் மல்டிமீட்டரும் ஒருவரின் எரிச்சலில் பிறந்தது. பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மக்காடி, தனித்தனியாகப் பல மீட்டர்களைச் சுமந்து திரிய வேண்டியதில் சலித்து எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது.

டைனமோவின் இடத்தைப் பிடித்த ஆல்டர்நேட்டருக்கும் ஒரு விபத்தில் பங்குண்டு. 1940-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் பரிசோதித்த சிலிக்கான் துண்டு ஒன்றில் விரிசல் இருந்தது. வெளிச்சம் பட்டபோது அது எதிர்பாராத அளவுக்கு மின்சாரம் தந்தது. விரிசலின் இருபக்கமும் இருந்த மாசுகள் வேறு வேறு. அந்த எல்லைக்கோடு மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விட்டது. மலிவான சிலிக்கான் டையோடுகள் அந்த வழியில் வந்து சேர்ந்தபின், பிக்ஸி வெறுத்த திசைமாறு மின்சாரத்தைத் தாராளமாக உண்டாக்கி, டையோடு வழியே நேர்த்திசையாக்க முடிந்தது. கம்யூட்டேட்டர் தேவையில்லை, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் ஏறும். 1960-இல் கிறைஸ்லரின் வேலியன்ட் கார் ஆல்டர்நேட்டரோடு வந்தது, டிராக்டர்களும் பின்தொடர்ந்தன. கட்-அவுட் வேலையை டையோடே பார்த்துக்கொண்டது.

ஆனால் டையோடு மன்னிக்காது. பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் எர்த். அதை மாற்றாமல் மைனஸ் எர்த்துக்கான ஆல்டர்நேட்டரை மாட்டினால் அந்த நொடியே டையோடுகள் போய்விடும். ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் அதே கதி. சிவப்பு சார்ஜ் விளக்கின் பல்பையும் அலட்சியம் செய்யக்கூடாது. பல ஆல்டர்நேட்டர்களுக்கு முதல் தூண்டுதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜும் தொடங்காமல் போகலாம்.

ஆகவே சார்ஜ் ஏறவில்லையென்றால் கடைக்கு ஓடுமுன் வரிசையாகப் பாருங்கள்: பெல்ட், பேட்டரி முனைகளின் அரிப்பு, எர்த் ஒயர், கார்பன், மிச்சக் காந்தம். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியென்றால் எர்த் இருக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள். கோளாறு அங்கேயே இருக்கக்கூடும். வசதிக்காக ஆல்டர்நேட்டருக்கு மாறுவதில் தவறில்லை. மாறினால் கழற்றிய டைனமோவைச் செம்பு விலைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு மீட்டர், ஒரு துண்டு ஒயர், கொஞ்சம் கார்பன் இவற்றை வைத்து இன்றும் உயிர்ப்பிக்கக்கூடிய பொருள் அது. துணியில் துடைத்து, எண்ணெய் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். பழைய வண்டியை அதன் அசல் அமைப்பிலேயே ஓட்ட விரும்பும் யாராவது நிச்சயம் தேடி வருவார்கள்.